உமிச்சாம்பலும் ஒளியும்: நீரில் கலந்த மருந்துகள் பற்றிய வாசகர் கேள்விகள்

வேளாண் கழிவிலிருந்து தயாரித்த ஒளிவினையூக்கிகளைக் (ஒளி பட்டதும் வேதிவினையைத் தூண்டும் பொருட்களைக்) கொண்டு நீரிலுள்ள மருந்து எச்சங்களைச் சிதைக்கும் முயற்சிகள் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதையொட்டி வந்த கடிதங்களில் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: உட்கொண்ட மருந்து உடலுக்குள்ளேயே செலவாகிவிடும் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். அது ஆற்று நீரில் எப்படி வந்து சேர்கிறது? சுத்திகரிப்பு நிலையங்கள் அதை நீக்குவதில்லையா?

பதில்: பல மருந்துகள் முழுவதுமாகச் செலவாவதில்லை. அமாக்சிசிலின் மாத்திரையில் உள்ள மருந்தில் பாதிக்கும் மேல் மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. மூட்டு வலிக்குத் தடவும் டைக்ளோஃபினாக் களிம்பில் தோல் வழியாக உள்ளே செல்வது மிகச் சிறிய பங்கே. மீதி குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் சாக்கடைக்குப் போகிறது. இன்னொரு வழியும் உண்டு. கல்லீரல் சில மருந்துகளோடு சர்க்கரை போன்ற ஒரு மூலக்கூறை இணைத்து, அவற்றை எளிதில் நீரில் கரையும்படி செய்து வெளியேற்றுகிறது. சுத்திகரிப்புத் தொட்டியிலுள்ள பாக்டீரியாக்கள் அந்த இணைப்பை அறுத்துவிடும்போது பழைய மருந்தே மீண்டும் வெளிப்படுகிறது. அதனால்தான் வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமாசெபின், நிலையத்துக்குள் நுழையும் நீரில் இருந்ததைவிட வெளிவரும் நீரில் சில வேளைகளில் கூடுதலாக இருப்பதாக அளவீடுகள் காட்டியிருக்கின்றன.

வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் மலம், உணவுக் கழிவு, சோப்பு முதலிய பாக்டீரியாக்கள் தின்று தீர்க்கக்கூடிய பொருட்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. மருந்தோ, உடலுக்குள் எளிதில் சிதைந்துவிடக் கூடாது என்பதற்காகவே கவனமாக உருவாக்கப்பட்ட மூலக்கூறு. 2022-ஆம் ஆண்டு வெளியான ஓர் உலகளாவிய ஆய்வில், 104 நாடுகளைச் சேர்ந்த 258 ஆறுகளில் 1,052 இடங்களிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தபோது, கார்பமாசெபின், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், காஃபீன் ஆகிய மூன்றும் பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் காணப்பட்டன. மருந்து ஆலைகளின் கழிவுநீர் தனிக் கதை. ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டான்செருவில், பல ஆலைகளின் கழிவைப் பொதுவாகச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக் இருந்ததை 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட இது அதிகம்.

கேள்வி: ஆலைக் கழிவை விட்டுவிடுவோம். சாதாரண ஆறுகளில் நானோகிராம் (கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் இருப்பது ஒரு தீங்கா?

பதில்: குடிநீர் வழியாக மனிதருக்கு நேரடித் தீங்கு நேரும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதே 2012-ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன அறிக்கையின் முடிவு, குடிநீரில் காணப்படும் அளவுகள் பெரும்பாலும் மருத்துவ அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழேயே இருக்கின்றன. ஆனால் அந்த நீரிலேயே பிறந்து வாழும் உயிர்களுக்கு இதே ஆறுதலைச் சொல்ல முடியாது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஓர் ஏரியில், கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடையால் என்னும் ஹார்மோனை 2001 முதல் மூன்று கோடைகாலங்களுக்கு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் என்ற அளவில் சேர்த்துப் பார்த்தார்கள். அங்கிருந்த ஒரு வகைச் சிறுமீனின் ஆண்களிடம் பெண்மைக்கான மாற்றங்கள் தோன்றி, அந்த மீனினமே ஏரியிலிருந்து ஏறக்குறைய அற்றுப்போனது. ஆன்டிபயாடிக்குகளைப் பொறுத்தவரை, பாக்டீரியாக்களைக் கொல்லப் போதாத சிறு அளவுகூட எதிர்ப்புத்திறன் கொண்டவற்றைத் தேர்ந்து பெருக விடுவதற்குப் போதுமானது.

கேள்வி: ஒளிவினையூக்கி என்பது என்ன? வடிகட்டியிலிருந்து அது எவ்விதத்தில் வேறுபட்டது?

பதில்: வடிகட்டி பொருளை நீரிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்கிறது. ஒளிவினையூக்கி அந்தப் பொருளையே சிதைக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் ஒரு பதில் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஒளிவினையூக்கிகள் பெரும்பாலும் குறைகடத்திகள், அதாவது மின்சாரத்தை ஓரளவு மட்டுமே கடத்தும் பொருட்கள். போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டதும் அவற்றுள் ஓர் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற இடம் நேர்மின்தன்மையுள்ள துளையாகிறது. துளை நீரிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து, இணையற்ற எலக்ட்ரானைக் கொண்டதால் எதையும் உடனே தாக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்குகிறது. தாவிய எலக்ட்ரானோ நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர் ஆக்சைடாகிறது. ஹைட்ராக்சில் தனி உறுப்பு ஓசோனைவிட வலிய ஆக்சிஜனேற்றி. பென்சீன் வளையத்தைக்கூட உடைக்க வல்லது. ஃபுஜிஷிமா, ஹோண்டா என்னும் ஜப்பானிய அறிஞர்கள் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனைமீது ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிளக்க முடியும் என்று 1972-இல் காட்டியதிலிருந்து இத்துறை வளர்ந்தது.

இதில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன. டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் என்னும் படிக வடிவத்துக்கு ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல்) 3.2 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே 387 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள புற ஊதா ஒளிதான் அதை எழுப்பும். தரையை அடையும் சூரிய ஆற்றலில் புற ஊதா ஒளியின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே. அடுத்தது, தாவிய எலக்ட்ரான் வேலை எதுவும் செய்யாமலே துளைக்குள் திரும்ப விழுந்துவிடுவது. எழும் எலக்ட்ரான்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் வீணாகின்றன. மூன்றாவதை நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். ஹைட்ராக்சில் தனி உறுப்பின் ஆயுள் நானோ விநாடிக் கணக்கில்தான். பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் தொலைவுக்குள் எதிர்ப்படுவதை அது தாக்கும். அதற்கு அப்பால் மிதக்கும் மருந்தை அதனால் எட்ட முடியாது. லிட்டருக்குச் சில நூறு நானோகிராம் மட்டுமே உள்ள மருந்து, தானாக வந்து வினையூக்கியின் பரப்பைத் தொடும் வாய்ப்பு மிகவும் குறைவு. மருந்தைப் பரப்புக்கு அழைத்து வர வேறொரு பொருள் வேண்டும்.

கேள்வி: அப்படியானால் உமி, கரும்புச் சக்கை, தேங்காய் ஓடு ஆகியவை இதில் செய்யும் வேலை என்ன? உமியே வினையூக்கியாக மாறிவிடுகிறதா?

பதில்: பெரும்பாலும் மாறுவதில்லை. இதைத் தெளிவாகச் சொல்லாமல் “உமியிலிருந்து வினையூக்கி” என்று எழுதுவதால்தான் குழப்பம் வருகிறது. ஒளியை வாங்கி வேலை செய்வது டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, கிராஃபைட் வடிவக் கார்பன் நைட்ரைடு போன்ற ஒரு குறைகடத்திதான். வேளாண் கழிவு அதற்குப் படுகையாகவும், மருந்தை இழுத்துத் தரும் துணையாகவும், எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் இடமாகவும் அமைகிறது. முந்தைய பதிலில் சொன்ன மூன்று இடர்ப்பாடுகளில் கடைசி இரண்டையும் குறைக்க உதவுவதுதான் இதன் மதிப்பு.

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். அந்தச் சாம்பலில் பொதுவாக 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைப்பதால், மணலை உருக்கிச் சிலிக்கா எடுக்கும் வேலையைச் செடியே பாதி முடித்துத் தந்துவிடுகிறது. ஆனால் எரிக்கும் முறையில் கவனம் வேண்டும். உமியை அப்படியே எரித்துப் பார்த்தவர்கள், சாம்பல் வெளுக்காமல் கறுப்புத் துகள்களோடு நின்றுவிடுவதைக் கண்டிருப்பார்கள். உமியிலுள்ள பொட்டாசியம் சிலிக்காவின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. மேற்பரப்பு இளகிக் கண்ணாடிபோல் மூடிக்கொள்கிறது. உள்ளே அகப்பட்ட கரிக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உமியைச் சூடாக்கிக் கழுவி, பொட்டாசியத்தை நீக்கிய பிறகு சுமார் 600 டிகிரி செல்சியஸில் எரித்தால் தூய வெண்ணிறச் சாம்பல் கிடைக்கும். நுண்துளைகளும் பெரும் பரப்பும் கொண்ட படிகமற்ற சிலிக்கா அது. வெப்பம் மிக உயர்ந்தால் அது படிகமாகித் துளைகள் அடைந்துபோகும். படிகச் சிலிக்காத் தூசு நுரையீரலுக்கும் கேடு.

சிலிக்கா தானாகச் சூரிய ஒளியை வாங்குவதில்லை. அதன் வேலை, வினையூக்கியின் நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் பரத்தி வைப்பது. கரி செய்யும் வேலை இதைவிடப் பெரிது. கரும்புச் சக்கையையும் தேங்காய் ஓட்டையும் காற்று புகாத கலத்தில் 400 முதல் 700 டிகிரி வரை சூடாக்கினால் உயிர்க்கரி கிடைக்கிறது. அதன் பரப்பிலுள்ள வளைய வடிவக் கார்பன் அடுக்குகள், பென்சீன் வளையம் கொண்ட மருந்து மூலக்கூறுகளைத் தம்மேல் படிய வைக்கின்றன. டைக்ளோஃபினாக், கார்பமாசெபின், டெட்ராசைக்ளின் ஆகிய மூன்றும் இத்தகைய வளையம் உள்ளவை. அதே கரி, தாவிய எலக்ட்ரானை வாங்கித் துளையிடமிருந்து பிரித்து வைக்கவும் செய்யும். ஆனால் எல்லாக் கரியும் இதைச் செய்யாது. குறைந்த வெப்பத்தில் உருவான கரி மின்சாரத்தை ஏறக்குறைய கடத்துவதே இல்லை. ஏறத்தாழ 600 டிகிரிக்கு மேல் கிராஃபைட் போன்ற அடுக்குகள் வளர்ந்த பிறகே அந்தத் திறன் வருகிறது. கரியின் அளவும் மிகக் கூடாது. கறுப்பு நிறம் ஒளியை மறைத்துக் குறைகடத்தியை இருட்டில் தள்ளிவிடும். ஆகவே ஒவ்வொரு கலவைக்கும் ஓர் உகந்த விகிதம் உண்டு; அதைக் கண்டுபிடிப்பதில்தான் ஆய்வுக்கூட உழைப்பின் பெரும்பகுதி செல்கிறது.

கேள்வி: “ஒரு மணி நேரத்தில் 99 சதவீத மருந்து நீங்கியது” என்று அடிக்கடி படிக்கிறோம். இதை எந்த அளவுக்கு நம்பலாம்? நான் முதுகலை வேதியியல் மாணவி. இதையே ஆய்வாக எடுக்க எண்ணியிருக்கிறேன்.

பதில்: எண் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அந்த மருந்து எங்கே போயிற்று என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

சோதனை நடக்கும் விதத்தைப் பாருங்கள். லிட்டருக்கு 20 மில்லிகிராம் மருந்துள்ள கரைசலில் வினையூக்கித் தூளைப் போட்டு, காந்தக் கலக்கியின்மேல் வைத்து, விளக்கை ஏற்றாமல் குறைந்தது 30 நிமிடம் சுழல விடுகிறார்கள். அதன் பிறகே விளக்கு எரிகிறது. கால் மணிக்கொரு முறை ஊசிக்குழலால் சில மில்லிலிட்டர் எடுத்து, நுண்வடிகட்டி வழியே செலுத்தி, தெளிந்த நீரில் மீதமுள்ள மருந்தை அளக்கிறார்கள். இருட்டில் சுழன்றபோதே 20 என்பது 8 ஆகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 12 மில்லிகிராமும் சிதையவில்லை. பரப்புக்கவர்தலால் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒளி பட்ட பிறகு 8 என்பது 0.2 ஆகிறது. கட்டுரையின் தலைப்பில் “99 சதவீதம்” என்று வருவதில் அறுபது ஒட்டியதால் வந்தது. நல்ல கரி எதுவும், ஒளியும் குறைகடத்தியும் இல்லாமலே இதைச் செய்யும். வேளாண் கழிவைச் சேர்த்த வினையூக்கிகளில் கரியின் கவர்திறன் மிகுதி என்பதால், இவற்றின் முடிவுகளைப் படிக்கும்போது இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

ஆகவே உங்கள் ஆய்வில் மூன்று ஒப்பீட்டுச் சோதனைகளை விட்டுவிடாதீர்கள். தூள் உண்டு, ஒளி இல்லை என்பது ஒன்று. ஒளி உண்டு, தூள் இல்லை என்பது இன்னொன்று. டைக்ளோஃபினாக் வினையூக்கி இல்லாமலே சூரிய ஒளியில் சிதையக்கூடியது, கார்பமாசெபின் அவ்வளவு எளிதில் சிதையாதது என்பதால், எந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதே முடிவை மாற்றிவிடும். குறைகடத்தி சேர்க்காத வெறும் கரி, ஒளியோடு, என்பது மூன்றாவது. சோதனை முடிந்தபின் தூளை மெத்தனால் என்னும் கரைப்பானில் கழுவி, எவ்வளவு மருந்து திரும்ப வெளிவருகிறது என்றும் பாருங்கள். எளிய வேலைதான், ஆனால் ஒட்டியதையும் சிதைந்ததையும் இதைப்போலத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது வேறில்லை. மருந்துக்குப் பதிலாக மெத்திலின் நீலம் போன்ற சாயத்தைக் கொண்டு திறனைக் காட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாயம் தானே ஒளியை உறிஞ்சித் தன் நிறத்தை இழக்கக்கூடியது.

மருந்து சிதைந்தது என்று உறுதியான பிறகும் வேலை முடியவில்லை. முதல் மூலக்கூறு மறைந்தது என்றால் அது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறிவிட்டது என்று பொருளில்லை. கார்பமாசெபின் ஒளியில் சிதையும்போது அக்ரிடின் உண்டாகலாம்; அது தாய் மூலக்கூறைவிட நச்சுத்தன்மை கூடியது. சிப்ரோஃபிளாக்சசினின் பக்கக் கிளைகள் மட்டும் உதிர்ந்து நடு வளையம் எஞ்சினால் பாக்டீரியாக்களைத் தாக்கும் திறன் ஓரளவு நிலைத்திருக்கலாம். எனவே சிதைந்த துண்டுகள் எவ்வளவு எஞ்சியுள்ளன என்று அறிய நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனை அளக்க வேண்டும். முடிந்தால் சுத்திகரித்த நீரில் நுண்ணுயிர்களையோ நீர்ப்பூச்சிகளையோ விட்டு நச்சுத்தன்மையையும் சோதிக்க வேண்டும்.

செறிவைப் பற்றியும் ஒரு சொல். ஆற்றில் மருந்து லிட்டருக்கு 100 நானோகிராம் என்றால், மேலே சொன்ன ஆய்வுக்கூடக் கரைசலின் 20 மில்லிகிராம் அதைப்போல் இரண்டு லட்சம் மடங்கு. மேலும் காய்ச்சி வடித்த நீரில் கிடைக்கும் வேகம் உண்மையான கழிவுநீரில் கிடைக்காது. அங்குள்ள பைகார்பனேட்டும் மட்கிய இலைதழைகளிலிருந்து வரும் கரிமப் பொருளும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை இடைமறித்து எடுத்துக்கொள்ளும். உங்கள் ஆய்வில் ஒரு முறையாவது உண்மையான கழிவுநீரைப் பயன்படுத்துங்கள். எண் குறையும், ஆய்வின் மதிப்பு கூடும்.

கேள்வி: வீட்டில் உமிச்சாம்பலைக் குடிநீரில் போட்டு வெயிலில் வைத்தால் பயன் உண்டா?

பதில்: வேண்டாம். வெறும் சாம்பல் ஒளிவினையூக்கி அன்று. அதிலுள்ள காரம் நீரில் கரையும், நுண்துகள்களை வடிகட்டுவதும் கடினம். தெளிந்த நீரை ஒளிபுகும் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் வைக்கும் முறை கிருமிகளைக் கொல்வதற்கானது. மருந்து எச்சங்களை நீக்க அதை நம்பக் கூடாது.

கேள்வி: இது எப்போது நடைமுறைக்கு வரும்? வயல்களில் எரிக்கப்படும் கழிவுக்கும் இதுவே தீர்வாகிவிடுமா?

பதில்: இரண்டாம் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. உலகில் ஆண்டுக்கு 75 கோடி டன்னுக்கு மேல் நெல் விளைகிறது. உமி மட்டுமே சுமார் 15 கோடி டன். வினையூக்கிக்குத் தேவைப்படுவது அதில் மிகச் சிறு துளி. கழிவு மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருப்பது நல்லதே. அதற்காக இதைக் கழிவு மேலாண்மைத் திட்டம் என்று சொல்லி விவசாயிகளுக்கு நம்பிக்கையூட்டுவது சரியன்று.

மருந்து எச்சங்களை நீக்குவதற்கென்று நகரச் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்று உண்மையில் இயங்குபவை ஓசோனும், நுண்துளைகள் பெருகும்படி செயலூட்டிய கரியும்தான். ஸ்விட்சர்லாந்து 2016 முதல், தேர்ந்தெடுத்த நிலையங்களில் நுண் மாசுகளை 80 சதவீதம் நீக்க வேண்டும் என்று சட்டப்படி கோருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஏற்றுக்கொண்ட நகரக் கழிவுநீர் விதிகள், இந்தக் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்களே ஏற்க வேண்டும் என்கின்றன. ஒளிவினையூக்கி இந்த வரிசையில் சேர இரண்டு தடைகள் உள்ளன. ஆழமான, கலங்கிய நீருக்குள் ஒளி இறங்காது. எனவே மெல்லிய படலமாக நீரை ஓடவிடப் பரந்த இடமோ, மின்விளக்குகளோ வேண்டும். கலந்த தூளை முழுவதும் திரும்ப எடுக்கவும் வேண்டும். மருந்தை நீக்கப் போய் நானோ துகள்களை ஆற்றில் விட்டுவிடக் கூடாது. இதற்காக மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடைச் சேர்த்துக் காந்தத்தால் இழுத்தெடுக்கிறார்கள். ஆனால் அது டைட்டானியம் டை ஆக்சைடை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒளியில் கரையத் தொடங்கும்; இடையே ஒரு சிலிக்காப் படலம் தேவைப்படுகிறது. உமிச் சிலிக்காவுக்கு இது நல்ல வாய்ப்பு என்று நினைக்கிறேன்.

நகரத்தின் மொத்தக் கழிவுநீரையும் இம்முறையில் சுத்திகரிப்பது அண்மையில் நடக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. மருத்துவமனைகள், மருந்து ஆலைகள் ஆகியவற்றின் வாயிலிலேயே, நீரின் அளவு குறைவாகவும் மருந்தின் செறிவு மிகுதியாகவும் இருக்கும் இடத்தில், உயிரியல் சுத்திகரிப்பு முடிந்து தெளிந்த நீருக்குக் கடைசிப் படியாக இதை வைக்கலாம். ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறன் உருவாகும் இடமும் அதுவே என்பதால், அங்கே சிறிய வெற்றியும் பெரிய பயன் தரும்.

கேள்வி: பயன்படுத்தி முடித்த தூளை உயிர்க்கரி என்ற வகையில் வயலுக்கு உரமாக இடலாமா?

பதில்: இடக்கூடாது. அதில் சிதையாத மருந்தும் சிதைவுப் பொருட்களும் ஒட்டியிருக்கும். துத்தநாக ஆக்சைடு உள்ள தூளாக இருந்தால் அமிலத்தன்மையுள்ள மண்ணில் துத்தநாகமும் கரைந்து இறங்கும். சிலிக்காப் படுகையில் அமைத்த டைட்டானியம் டை ஆக்சைடைக் காற்றில் 450 டிகிரி அளவில் சுட்டு, ஒட்டியவற்றை எரித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். கரிப் படுகையை அப்படிச் சுட்டால் கரியே எரிந்துபோகும். அதை மெத்தனால் போன்ற கரைப்பானால் கழுவியோ, தூய நீரில் நெடுநேரம் ஒளியில் வைத்தோதான் புதுப்பிக்க வேண்டும். திறன் குன்றிய பிறகு, கழுவிய கரைப்பானையும் தூளையும் மருந்துக் கழிவாகவே கருதி உயர் வெப்ப எரியூட்டிக்கு அனுப்ப வேண்டும்.